சன்னலை மூடுவது பற்றிய தீர்மானம்

எங்கள் கட்டடத்தில் யாருக்கு என்ன வந்தாலும் அதற்குக் காரணம் ப்ரொமாயாதான். எதிரெதிரே இரண்டு சன்னல்கள் திறந்திருந்தால் நடுவே பாய்ந்து போகிறதே ஒரு காற்று, அதற்குத்தான் அந்தப் பெயர். கழுத்து பிடித்துக்கொண்டால் ப்ரொமாயா. காது குடைந்தால் ப்ரொமாயா. மூன்றாம் மாடி பெர்சிதாவின் கணவர் தொண்ணூற்றொரு வயதில், நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்து முடித்து இறந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் சொன்னது, "போன வாரம் பால்கனிக் கதவைத் திறந்து போட்டு உக்காந்திருந்தாரு, நானே பாத்தேன்" என்பதுதான்.

நான் லுபிங்கா. இதே கட்டடத்தில் முதல் மாடி. நிஷ் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். படித்தவள்தானே, இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். சொல்லிக்கொண்டே கழுத்தில் துணியைச் சுற்றிக்கொள்வேன்.

ஆனால் ப்ரொமாயாவோடு தனிப்பட்ட பகை வைத்திருந்த மனிதர் என்றால் அது இரண்டாம் மாடி திஹோமிர் ரன்ஜெலொவிச்தான். நகரப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் பயணச்சீட்டுப் பரிசோதகர். வண்டியில் ஏறியதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "டிக்கெட்" ஆக இருக்காது. "சன்னல்" என்பார். ஆகஸ்ட் மாதம், வெளியே நாற்பது டிகிரி, உள்ளே எண்பது பேர். அத்தனை சன்னலையும் ஒவ்வொன்றாக மூடிவிட்டுத்தான் சீட்டைக் கேட்பார். மயங்கி விழுந்தவர்கள் உண்டு. "நாலு பேர் மயங்குனா தண்ணி தெளிச்சா எந்திரிச்சிருவாங்க. வாய் கோணிப்போச்சுன்னா யாரு நேராக்குறது?" என்று பதில் சொல்வார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எதை எழுதினாலும் மணியோடு, நிமிடத்தோடு எழுதுவது. சீட்டில்லாமல் வந்தவனுக்கு அபராதம் எழுதும்போது நிமிடம் தவறினால் வழக்கு நிற்காதாம். ஓய்வு பெற்றதும் எங்கள் கட்டட சபைக்குத் தலைவரானார். போட்டியிட வேறு ஆள் இல்லை. என்னை எழுத்தராகப் போட்டுக்கொண்டு, தினமும் வானொலிச் செய்தியைக் கேட்டு நேரம் திருத்திய தன் கைக்கடிகாரத்தை மேசையில் வைத்து, "எழுது, பதினேழு முப்பது, கூட்டம் தொடங்கியது" என்பார். எங்கள் சபை ஆறு வருடத்தில் பழுது பார்த்தது ஒரு விளக்கு. குறிப்பேடு மட்டும் நான்கு நிரம்பியிருந்தது.

அவருடைய ஈறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆப்பிளைக் கடித்தால் ஆப்பிளில் ரத்தம் இருக்கும். பத்து வருடமாகப் பல்லைச் சுற்றிச் சீழ். கிளினிக்குக் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சியிருக்கிறேன். அவருக்கோ வீட்டில் காய்ச்சும் பழச் சாராயமான ராக்கியாவே போதும்.

"தினம் காலையில பிளம்ஸ் ராக்கியாவுல கொப்புளிக்கிறேன் லுபிங்கா. அம்பது டிகிரி. கிருமிக்குக் கொஞ்சம் மூளை இருந்தா அதுவே ஓடிரும்."

"கொப்புளிச்சுட்டுத் துப்புறீங்களா?"

"துப்புறதுக்கா காய்ச்சுனது?"

இரண்டு வருடம் முன்பு ஏப்ரல் மாதம் ஒரு காலை. அவர் மனைவி ரதோய்கா மேலிருந்து கத்தினாள். ஓடினேன். சமையலறையில் திஹோமிர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காபிக் கோப்பை கீழே கிடந்தது. அவருடைய வாயின் வலது ஓரம் யாரோ கீழே பிடித்து இழுத்தது போல இறங்கியிருந்தது. ஏதோ சொன்னார், புரியவில்லை.

முப்பது வருடம் வெள்ளை உடுப்புப் போட்ட நான் அந்த நேரத்தில் முதலில் செய்தது என்ன தெரியுமா? சமையலறைச் சன்னலை மூடினேன். ரதோய்கா அதற்குள் கன்னத்தில் ராக்கியா தேய்க்க ஆரம்பித்திருந்தாள். கம்பளித் துணியைக் கழுத்தில் சுற்றினோம். இருபது நிமிடத்தில் வாய் நேரானது, பேச்சு வந்தது.

"பாத்தியா?" என்றார் முதல் வேலையாக. "சன்னலை மூடுனதும் சரியாப் போச்சு."

அதற்கு மேல் யார் வாதாடுவது? நான்காம் மாடியிலிருந்து ஸ்தோயதின் வந்தார். ரயில் என்ஜின் ஓட்டியவர், எல்லா நோய்க்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பவர். "எங்க டிப்போவுல ஒருத்தன் என்ஜினுக்கு வெளிய தலைய நீட்டிட்டே வந்தான். ஸ்டேஷன்ல எறங்கும்போது பாதி மூஞ்சிதான் கூட வந்துச்சு" என்றார். திஹோமிர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். நோய் போனதைவிட, தன் கட்சி ஜெயித்ததில்தான் அவருக்குச் சந்தோஷம்.

மருத்துவரிடம் போனது ரதோய்காவால்தான். ப்ரொமாயாதான் காரணம் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை, அவளுடைய கோபம் வேறு. காபி கொட்டியது அவளுடைய அம்மா பூவேலை செய்து கொடுத்த மேசைத் துணியில். "ஒரு கோப்பையைக் கையில பிடிக்க முடியாதவன் டாக்டர்கிட்ட போயே ஆகணும்" என்று தீர்ப்பு சொன்னாள். மருத்துவ வார்த்தை புரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் இஸிதோரா முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பாள். கழுத்து ரத்தக்குழாயில் கருவியை வைத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவர் வாயைத் திறக்கச் சொல்லி, கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"திஹோமிர் ஐயா, இது காத்து இல்ல. மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைச்சிருக்கு. இந்தத் தடவ தானா விலகிருச்சு. அடுத்த தடவ விலகும்னு சொல்ல முடியாது."

"சன்னல் திறந்திருந்துச்சு டாக்டரம்மா" என்றார் அவர், சாட்சி சொல்வது போல.

அவள் பொறுமைசாலி. "வயசானா ரத்தக்குழாய் விறைச்சுப் போகும், அது எல்லாருக்கும்தான். ஆனா அதோட, உடம்புல கிருமிய எதிர்த்து நிக்கிற அணுக்களும் கெழடாகுது. கெழடானா ஓய்ஞ்சு உக்காரும்னு நெனைப்பீங்க. உக்காராது. வேலை செய்யுற தெம்பு குறையும், கோவம் மட்டும் கூடிரும். உங்க ஈறுல பத்து வருஷமா சீழ் இருக்கு. அதனால அதுங்களுக்கு ஒரு நாளும் சமாதானம் இல்ல. ரத்தத்துல அழற்சி அளவு அஞ்சுக்குள்ள இருக்கணும், உங்களுக்குப் பதினெட்டு. கழுத்துக் குழாய்ச் சுவர்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இந்த அணுக்கள் எல்லாம் அதைச் சுத்திக் கூடி உக்காந்துக்கிட்டு, சரி பண்றேன் சரி பண்றேன்னு சுவரையே அரிச்சுக்கிட்டிருக்கு. ஒரு நாள் அது வெடிக்கும். வெடிச்ச எடத்துல ரத்தம் உறைஞ்சு, கட்டி நேரா மூளைக்குப் போகும்."

ரதோய்கா கைப்பையை மடியில் வைத்தபடி நிதானமாகச் சொன்னாள், "நம்ம கட்டட சபை மாதிரின்னு சொல்லுங்க டாக்டரம்மா. எல்லாம் கெழடு, தெனம் கூட்டம், தெனம் சண்டை, ஒரு குழாய்கூட ரிப்பேர் ஆகாது."

டாக்டர் சிரிக்கவில்லை. "அதேதாம்மா" என்றாள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, ஈறுக்கு உடனே பல் மருத்துவர். நான்கு வேலை. திஹோமிர் வீட்டுக்கு வந்து ஐந்தாவதாக ஒரு வேலையைச் செய்தார். கடையில் போய் ரப்பர்ப் பட்டை வாங்கிவந்து எல்லாச் சன்னல் இடுக்குகளிலும் ஒட்டினார். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்ததில் பக்கவிளைவுகள் பிடிக்கவில்லையாம். பெட்டிகள் சபைக் குறிப்பேடுகளுக்குப் பக்கத்தில், அதே இழுப்பறையில் ஓய்வெடுத்தன. எனக்குத் தெரியும். குறிப்பேட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

ஜூலை வந்தது. நாற்பத்தோரு டிகிரி. மாடிப்படிச் சன்னலை, வருடக்கணக்காக ஆணியடித்து வைத்திருந்த சன்னலை, கோடைக்கு மட்டும் திறக்கலாமா என்று பெர்சிதா மனு கொடுத்தாள். அதற்காக அவசரக் கூட்டம். தரைத்தளத்தில் அவரவர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தோம், தலைவரையும் சேர்த்து எட்டுப் பேர். ரதோய்கா இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. சந்தைக்குப் போயிருந்தாள்.

ஆணியை ஸ்தோயதின் முன்பே பிடுங்கிவிட்டார், சோதனைக்காக. சன்னல் திறந்திருந்தது. தெருக்கதவும் திறந்திருந்தது. காற்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது.

திஹோமிர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். பேருந்துக் காலத்திலிருந்து தொடங்கினார். பாதியில் கையிலிருந்த பேனா விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். வாய் ஏப்ரலில் இறங்கிய அதே பக்கம் இறங்கியது. நான் பழக்கத்தில் மேசைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்: "17.52. தலைவர் பேனாவைக் கீழே போட்டார். பேச்சு குழறுகிறது."

"அடிச்சிருச்சு" என்றார் ஸ்தோயதின். "ப்ரொமாயா அடிச்சிருச்சு. நம்ம கண்ணு முன்னாடியே."

"ஆணியப் புடுங்குனது நீதானே?" என்றாள் பெர்சிதா.

"மனு குடுத்தது யாரு?"

"நான் சன்னலத்தான் கேட்டேன். தெருக்கதவ யாரு திறந்து போட்டது? ரெண்டும் திறந்தாத்தானே ப்ரொமாயா?"

கதவைத் திறந்தது யார் என்று விசாரணை நடந்தது. ஒருவர் மேல் ஒருவர் போட்டார்கள். சன்னலைச் சும்மா மூடிவிடலாமே என்றால், திறப்பதா மூடுவதா என்பதுதான் நிகழ்ச்சி நிரல், தீர்மானம் இல்லாமல் தொட முடியாது. தலைவரே போட்ட விதி. வாக்கெடுப்பு நடந்தது. கை தூக்கினோம். நானும் தூக்கினேன், இடது கையால். வலது கையில் பேனா. "18.21. சன்னலை மூடும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது." பிறகு யாரோ ராக்கியா கொண்டுவந்தார்கள். தேய்த்தார்கள். ஒரு வாய் ஊட்டினார்கள், அது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. ஏப்ரலில் இருபது நிமிடத்தில் சரியானது என்று நானே எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். "18.50. தலைவரால் வலது கையில் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை." அதையும் எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் மேல் ரதோய்கா தர்ப்பூசணியோடு உள்ளே நுழைந்தாள். கணவனைப் பார்த்தாள். தர்ப்பூசணி தரையில் விழுந்து பிளந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கான்?"

அவள் என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"மனுஷன் வாய் கோணிக் கெடக்கான். நீங்க கை தூக்கி ஓட்டுப் போட்டுக்கிட்டிருந்தீங்களா?" சத்தம் போடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபடியே கேட்டாள்.

மருத்துவமனையில் அன்று பணியில் இருந்ததும் டாக்டர் இஸிதோராதான். ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். ரதோய்கா உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நான், ஸ்தோயதின், பெர்சிதா மூன்று பேர்.

"கட்டியக் கரைக்க ஒரு மருந்து இருக்கு. ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். தாண்டிப் போயிருந்தா குடுக்க மாட்டேன், மூளையில ரத்தம் கசிஞ்சு ஆளே போயிரலாம். எப்ப ஆரம்பிச்சது? சரியான நேரம் வேணும்."

"இப்பத்தான் டாக்டர்" என்றார் ஸ்தோயதின் உடனே. "ஒரு பத்து நிமிஷம் ஆனதும் கூப்பிட்டோம்."

"மத்தியானத்துலேர்ந்தே மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள் பெர்சிதா. கூட்டத்துக்கு முன்பே வந்தது என்றால் சன்னல் மனு மேல் பழி வராதே.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மத்தியானம்னா என்னால குடுக்க முடியாது. யாராவது ஒருத்தர் உண்மையச் சொல்லுங்க."

குறிப்பேடு என் பையில் இருந்தது. ஸ்தோயதின் என் பக்கம் சாயாமலேயே முணுமுணுத்தார், "அந்த நோட்டு உள்ளயே இருக்கட்டும் லுபிங்கா." எனக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பது வருட நர்ஸ், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து நிமிடம் எழுதினாள் என்று ஊருக்குத் தெரிவதைவிட வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு கணத்தில் நான் அப்படி நினைத்தேன் என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் நின்றபடியே படித்தாள். "பதினேழு அம்பத்திரெண்டு. இந்த நேரம் சரியா?"

"வானொலியில திருத்துன கடிகாரம் டாக்டர். அவரோடது. ஒரு நிமிஷம்கூடத் தப்பாது."

அவள் விரல் கீழே நகர்ந்தது. தீர்மானத்தில் நின்றது. "ஏகமனதாவா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

வேறொன்றும் கேட்காமல் உள்ளே ஓடினாள். இருபது பத்துக்கு மருந்து ஏறியது. திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்து படுக்கைக்கு மேலிருந்த சன்னலைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனாள்.

திஹோமிர் பிழைத்தார். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, ஒவ்வொரு வார்த்தையையும் பைக்குள் துழாவி எடுப்பது போல. கால் இழுத்தாலும் நடக்கிறார். வலது கை வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் அன்று ரதோய்கா டாக்டரிடம் நேரடியாகவே கேட்டாள், சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கையும் தப்பியிருக்குமா என்று. "தப்பியிருக்கலாம். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்கு இருக்கும்மா" என்றாள் டாக்டர். ரதோய்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

இப்போது மாத்திரையை அவள் கையால் போடுகிறாள், விழுங்கினாரா என்று நாக்கைத் தூக்கிப் பார்க்கிறாள். பல் மருத்துவரிடம் நான் கூட்டிப்போனேன். நான்கு பல் போயிற்று, சீழ் நின்றது. அழற்சி அளவு பதினெட்டிலிருந்து ஆறுக்கு வந்துவிட்டது என்று அதைப் பேருந்து எண் போல எல்லோருக்கும் இடது கை விரலால் காற்றில் எழுதிக் காட்டுகிறார். கட்டடம் என்ன கற்றுக்கொண்டது என்று கேட்கிறீர்களா? ஜூலையில் அந்தச் சன்னலைத் திறந்ததால்தான் இத்தனையும் வந்தது என்று கற்றுக்கொண்டது. ஸ்தோயதினின் உதாரணங்களில் இப்போது திஹோமிரும் ஒருவர்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் சபை கூடியது. இன்னும் வெக்கை போகவில்லை. ரதோய்கா முதல்முறையாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கப்படி முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதை விட்டுவிடலாம் என்றார் ஸ்தோயதின். திஹோமிர் இடது கையால் மேசையைத் தட்டினார்.

"வா...சி."

வாசித்தேன். பேனா விழுந்த நிமிடத்தை வாசித்தேன். கதவைத் திறந்தது யார் என்ற விசாரணையை வாசித்தேன். "பதினெட்டு இருபத்தொன்று. சன்னலை மூடும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வந்திருந்தோர் எட்டு, ஆதரவு எட்டு."

"தப்பு" என்றார்.

"எது தப்பு அண்ணே?"

அவர் வார்த்தையைத் தேடினார். ரதோய்கா உதவப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதல்முறையாக நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எட்டு... இல்ல. ஏழு. நான்... கை தூக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "தூக்க முடியலன்னு... எழுது."

எண்ணும்போது நான் அவரைப் பார்க்கவே இல்லை. சன்னலை மூட வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இருக்குமா என்ன, சேர்த்துக்கொண்டேன். நாங்கள் ஏழு பேர் கை தூக்கியபோது, தூக்க முடியாத ஒரு கை எங்கள் நடுவில், மேசைமேல் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அடித்துத் திருத்தி எழுதினேன்: "ஆதரவு ஏழு. தலைவர் கை தூக்கவில்லை. தூக்க முடியவில்லை." ரதோய்கா எட்டிப் பார்த்து எழுத்தைச் சரிபார்த்தாள். அவர் இடது கையால் பேனாவை வாங்கி, கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நான் எழுந்து போய் மாடிப்படிச் சன்னலைத் திறந்தேன். மனு இல்லை, வாக்கெடுப்பு இல்லை, தீர்மானம் இல்லை. தெருக்கதவு திறந்துதான் இருந்தது. என் கழுத்துத் துணியைக் கழற்ற மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.